சின்னம்மா பூப் பார்த்த ஞாயிறு

நம்முடைய பிள்ளைகள் இப்போது கைபேசியில்தான் ஆள் பார்க்கிறார்கள். பிடிக்காவிட்டால் ஒரு பக்கம் தள்ளுகிறார்கள், பிடித்தால் மற்றப் பக்கம். என் மகள் சாப்பாட்டு மேசையிலேயே, வலது கையில் குழம்பு காயக் காய, இடது கை விரலால் ஆட்களைத் தள்ளிக்கொண்டிருப்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருப்பேன். ஒரு நாள் மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீ பார்க்கிற மாதிரி உன்னையும் ஆரோ பார்க்கினம் எண்டு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் அம்மா. அதுக்குத்தானே இது."

அந்தப் பதில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஏன் ஆறுதல் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு கட்டிலில் இரண்டு பேர், ஒரு குளியலறைக்கு ஆறு பேர் என்று லண்டனில் வளர்ந்த என் வயதுக்காரருக்குத்தான் இது சட்டென்று விளங்கும்.

எண்பதுகளின் கடைசி அது. கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில், கோழி பொரித்து விற்கும் கடை ஒன்றுக்கு மேலே எங்கள் வீடு. கடைக்காரரின் எண்ணெய் மணம் பலகைத் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். வெள்ளிக்கிழமை மரக்கறி நாளில்கூட எங்கள் வீட்டுத் தலையணைகளில் கோழி மணந்தது. நடைவழியில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் சுழற்றும் டெலிபோன், அதன் டயலில் ஒரு குட்டிப் பூட்டு. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். பூட்டின் திறப்பு அப்பாவின் சாவிக்கொத்தில் இருந்தது. வெளியிலிருந்து வரும் அழைப்புகளை எடுக்கலாம், நாங்களாக ஒருவரையும் அழைக்க முடியாது. அந்தப் பூட்டும் இப்போது இல்லை, அந்த மேசையும் இல்லை.

என் கட்டிலில் என்னோடு படுத்தவள் சின்னம்மா. அம்மாவின் தங்கை. ஊரில் சண்டை முற்றிய ஆண்டில் தனியாக வந்து சேர்ந்தவள். சான்ட்விச் செய்யும் பேக்டரி ஒன்றில் விடியற்காலை ஷிப்ட். எத்தனை தரம் கழுவினாலும் அவள் கையில் வெள்ளரிக்காய் மணக்கும். அந்த மணம் எனக்குப் பிடிக்கும். அவளை எங்கள் வீட்டில் வாய்க்காரி என்பார்கள். ஒன்று கேட்டால் ஒன்றரையாகப் பதில் சொல்வாள், சொல்லிவிட்டு முதலில் தானே சிரிப்பாள். அவளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. விசா வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் நினைத்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சாப்பாடு இறங்குவதில்லை. அவர்கள் செய்த காரியத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

பெண் பார்க்கிற வழக்கம் எங்களுக்குள் எப்படி இருந்தது என்பதை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் நேரே வீட்டுக்கு வருவது கடைசியில்தான். அதற்கு முன், கோயிலில் தற்செயலாகப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. பெண் இன்ன நிறச் சீலையில் இன்ன தூணுக்குப் பக்கத்தில் நிற்பாள் என்று தரகர் சொல்லிவைப்பார். அவர்கள் கும்பிடுவதுபோல் வந்து, சுற்றுவதுபோல் சுற்றி, பார்த்துவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் மரியாதைக் குறைவில்லை, ஏனென்றால் ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கும். தூணுக்குப் பக்கத்தில் நிற்பவளைக் கேட்டால்தான் தெரியும்.

சின்னம்மா அப்படி இரண்டு தரம் நின்றாள். முதல் இடம், பெண் உயரம் கூடிப்போச்சு என்றது. இரண்டாவது இடம் ஒன்றுமே சொல்லவில்லை. அடுத்த வெள்ளி கோயிலில் பிரசாத வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, "என்ன பிள்ளை, சரிவரேல்லையோ?" என்று அனுதாபத்தோடு கேட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், அவள் அப்பாவின் முன்னால் நின்றாள்.

"அத்தான், இனி என்னை ஒருத்தருக்கும் ஒளிச்சு நிண்டு காட்டவேண்டாம். பார்க்க வேணுமெண்டால் எனக்குச் சொல்லிப்போட்டுப் பார்க்கட்டும். நானும் அவையளைப் பார்க்கவேணும்."

"ஓம் பிள்ளை" என்றார் அப்பா. "உனக்குச் சொல்லாமல் இனி ஒண்டும் செய்யமாட்டம்."

நான் அப்போது தரையிலிருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா அதை மனதாரத்தான் சொன்னார்.

மாசி கழிய, தரகர் தெற்கு லண்டன் மோர்டனில் ஓர் இடம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை கட்டடம் கட்டும் கம்பனியில் வரைபடம் வரைகிறவர். நிரந்தர விசா, சொந்த வீடு, வீட்டில் தாய் மட்டும். பொருத்தம் பார்த்தால் அதுவும் பொருந்தியது. ஆனால் தாய் ஒரு நிபந்தனை போட்டார். பெண்ணுக்குத் தெரியாமல்தான் பார்ப்பாராம். சொல்லிவிட்டுக் காட்டினால் எல்லாப் பெண்களும் நல்ல பிள்ளைகளாகத்தான் நிற்பார்கள் என்பது அவருடைய வாதம். அப்பா ஒரு கிழமை யோசித்தார். பிறகு, இது கடைசித் தரம், சரிவந்தால் அவளே எங்களைக் கும்பிடுவாள் என்று அம்மாவும் அவரும் தங்களைத் தாங்களே சமாதானம் செய்துகொண்டார்கள். கோயில் வேண்டாம், அங்கே எல்லாக் கண்ணும் எங்கள் பக்கம். தமிழ் ஆட்களே வராத ஓர் இடம் வேண்டும்.

அப்பா பெற்றோல் ஷெட்டில் காசாளராக இருந்தார். அங்கே கிடந்த இலவசப் பேப்பரில், மேற்கு லண்டனில் ஒரு பார்க்குக்குள் இருக்கும் ஜப்பான் தோட்டத்தில் செர்ரிப்பூ விழா என்று பார்த்திருக்கிறார். வாழ்நாளில் அப்பா நின்று பார்த்த பூ கோலிபிளவர் ஒன்றுதான். அவர் திடீரென்று, "ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூப் பார்க்கப் போவம்" என்றபோது சின்னம்மா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மூக்கால் வந்தது.

"அத்தானுக்கு என்ன நடந்தது?"

"பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில எழுதச் சொன்னவையாம்" என்றாள் அம்மா, என்னைக் காட்டி. எனக்கு அப்படி ஒருவரும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்க முன் அம்மாவின் பார்வை வந்து விழுந்தது.

அந்த ஞாயிறு காலை சின்னம்மா ஜீன்ஸும் சுவெட்டரும் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். அம்மா மாம்பழ மஞ்சள் பட்டுச் சீலையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"பார்க்குக்கு ஏனக்கா சீலை?"

"ஜப்பான்காரர் தங்கட உடுப்போட வருவினம். நாங்களும் எங்கட உடுப்போட போனால்தானே அவைக்கு மரியாதை."

அம்மா பொய் சொல்லும்போது ஓர் அரசாங்கப் பிரதிநிதி மாதிரிப் பேசுவாள். சின்னம்மாவுக்கு அந்த நியாயம் பிடித்துவிட்டது. சீலையை உடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டாள். எனக்கு, தெருமுனையில் பழைய சாமான் கடையில் வாங்கிய சிவப்புக் கோட். மரத்துண்டுப் பொத்தான்கள் வைத்தது. ஒரு பொத்தான் இல்லாத இடத்தில் அம்மா ஊசி குத்தியிருந்தாள். வாசலில் வைத்து என் காதருகே குனிந்து, "என்ன நடந்தாலும் சின்னம்மாவின்ர கையை விடாதை" என்றாள். கூட்டத்தில் நான் தொலைந்துபோவேன் என்ற பயம் என்று நினைத்தேன். சிவப்புக் கோட் போட்ட பிள்ளையைக் கையில் பிடித்திருப்பவள்தான் பெண் என்று மோர்டனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நான்தான் அன்றைய தூண். இதெல்லாம் எனக்குப் பின்னாளில், அம்மாவும் அப்பாவும் பட்ட சண்டைகளிலிருந்து பொறுக்கித் தெரிந்தது.

டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் கிழக்கிலிருந்து மேற்குக்கு நீண்ட பயணம். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்தார். விழாவுக்கு அவ்வளவு நேரம் பார்த்துப் போகிற மனிதரை நான் அன்றைக்கு மட்டும்தான் கண்டேன்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் சின்னம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பேச்சை நிறுத்துவது அதிசயம். மரங்களில் இலையே இல்லை, முழுக்கப் பூ. தூறல் விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம். பாறைகளுக்கு நடுவே ஒரு சின்ன நீர்வீழ்ச்சி, குளத்தில் தடித்த செம்மஞ்சள் மீன்கள், வளைந்த கற்பாலம். கிமோனோ உடுத்த பெண்கள் மரச்செருப்பில் டக்டக்கென்று நடந்தார்கள். எங்கிருந்தோ மேளம் அடித்தது. நனைந்த மண்ணும் ஊதுவத்தியும் கலந்த மணம். அம்மா என் பக்கம் திரும்பவில்லை, பூவின் பக்கமும் திரும்பவில்லை. குளத்தோரத்து இருக்கைகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, கோட்டைக் கழட்டு. படம் எடுப்பம்."

"விறைக்குதக்கா."

"ஒரு நிமிசம்தானே."

சின்னம்மா கோட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். அந்த ஒரு நிமிடம் முடியவே இல்லை. அப்பா கமராவைக் கையில் வைத்துக்கொண்டு பில்மை முறுக்குவதும் நிறுத்துவதுமாக இருந்தார். சின்னம்மா கையை உரசிக்கொண்டு நின்றாள், பிறகு நின்றது போதும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். அம்மாவின் கையில் கோட் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கூடாரத்தில் பச்சைத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு நான் முகத்தைச் சுளித்தேன், வேப்பிலைத் தண்ணீர்தான். சின்னம்மா கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கொடுத்த பெண்ணைப் பார்த்து அவள் குனிந்த அளவுக்குக் குனிந்து, மிச்சம் வைக்காமல் குடித்தாள். பக்கத்தில் இலையில் சுற்றிய ஓர் இனிப்பு வைத்திருந்தார்கள். கடித்ததும் அவள் கண் விரிந்தது.

"எடியே, இது எங்கட மோதகம். உள்ளுக்கு அவிச்ச பயறு. வந்து பார் அக்கா, மோதகம்."

அம்மா கேட்காததுபோல் நின்றாள். கத்திக் கூப்பிட்டதை அங்கே யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். குளத்தோரத்து இருக்கையில், சீலைக்கு மேல் ஊதாக் கோட் போட்டு, செருப்புக்குள் கம்பளிக் காலுறை போட்டு, ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்க். மீன் பார்க்கிறவர்போல் இருந்தார். மீன் இருந்த பக்கம் வேறு.

பிறகு அந்த ஆட்டம். கிமோனோ உடுத்த பெண்கள் புல்வெளியில் வட்டமாக நின்று கைதட்டி, இரண்டு எட்டு முன்னே, ஓர் எட்டுப் பின்னே என்று ஆடினார்கள். பார்த்துக்கொண்டு நின்றவர்களையும் கைபிடித்து இழுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் வெட்கப்பட்டு விலகினார்கள். ஒரு வயதான ஜப்பான் பெண் சின்னம்மாவின் மஞ்சள் சீலையைத் தொட்டுப் பார்த்து, ஏதோ சொல்லி, அவளைக் கூட்டிப் போனாள். நானும் கையை விடவில்லையே, கூடவே போனேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கும்மிதான் அது. சின்னம்மாவுக்கு ஒரு சுற்றில் பிடிபட்டுவிட்டது. இரண்டாவது சுற்றில் முந்தானையை இடுப்பில் செருகிவிட்டாள். காற்று வந்து பூவிதழ்கள் கொட்டின. அவளுடைய தலையில், தோளில், என் கோட்டின் தொப்பிக்குள் எல்லாம் விழுந்தன. அவள் சத்தமாகச் சிரித்தாள். லண்டனுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. என் கையை அவள் பிடித்திருந்த பிடியிலேயே அந்தச் சந்தோஷம் தெரிந்தது. வட்டம் திரும்பும்போது அப்பாவின் முகம் தெரிந்தது, வெளிறிப்போயிருந்தது. "கூப்பிடு அவளை" என்று அம்மாவிடம் சொல்கிறார். கூப்பிட வேண்டுமானால் அந்த ஊதாக் கோட்டுக்கு முன்னால் நடந்து வரவேண்டும். இருவரும் அப்படியே நின்றார்கள்.

மேளம் நின்று நாங்கள் மூச்சுவாங்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தபோது, கழுத்தில் பெரிய கமரா தொங்க ஒருவர் வந்தார்.

"நீங்கள் தமிழோ?"

சின்னம்மா குனிந்து தன் சீலையைப் பார்த்தாள். "இல்லை, ஜப்பான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் கமராவின் மூடியைத் திறந்து மூடினார். "நல்லா ஆடுறியள்."

"நான் எங்க ஆடினனான்? அவை இழுத்தவை, நான் போனனான். நீங்கள் ஏன் வரேல்லை?"

"எனக்குக் கால் ரெண்டும் இடது."

அப்படித்தான் தொடங்கியது. ஊரில் எவடம் என்று கேட்டு, அவர் டியூஷன் படித்த டியூட்டரியும் அவளுடைய பள்ளிக்கூடமும் ஒரே தெருவில் என்று கண்டுபிடித்தார்கள். அந்தத் தெருவில் சைக்கிள் திருத்துகிறவர் கடனுக்குக் காற்று அடிக்கமாட்டார் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. என்னிடம் கமராவைத் தந்து அதன் கண்ணுக்குள்ளால் பார்க்கவிட்டார். அவ்வளவு பாரமான சாமானை எந்தப் பெரியவரும் அதுவரை என் கையில் தந்ததில்லை.

"இதுக்கெண்டே வந்தனீங்களோ?" என்று சின்னம்மா கேட்டாள்.

"ஓம். சும்மா, பூப் பார்க்க. படம் எடுக்கிறதெண்டால் எனக்கு விருப்பம்."

"தனியவோ?"

அவர் குளத்துப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "ஓம். தனியத்தான்."

ஊதாக் கோட் அம்மாவுக்கும் அவருக்கும் ஒரே மூக்கு. அது அன்று என் கண்ணில் படவில்லை.

அவர் எங்களை மூன்று நான்கு படம் எடுத்தார். சின்னம்மாவின் கை முழுக்கப் புல்லரித்திருந்ததைக் கண்டு, "குளிருதெல்லே, கோட் கொண்டு வரேல்லையோ?" என்றார்.

"அக்காட்ட இருக்கு. படம் எடுக்கவேணுமாம், போடக்கூடாதாம்."

அவருடைய முகம் சட்டென்று மாறியது. பிறகு நேரே அம்மாவிடம் நடந்துபோய், கோட்டை வாங்கிவந்து, அவள் கை நுழைப்பதற்கு விரித்துப் பிடித்தார். "படம் எடுத்தாச்சு. போடுங்கோ" என்றார். அந்த மனிதர் வெட்கப்பட்டார், எனக்கு அது நிச்சயம். அந்த இடத்தில் ஒரு வார்த்தை, நான் உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோட்டைத்தான் தந்தார்.

ரயிலில் திரும்பி வரும்போது அம்மாவும் அப்பாவும் செத்தவீட்டுக்குப் போய் வருகிறவர்கள்போல் இருந்தார்கள். மகன் வந்து பேசினாலும், தாய்க்கு முன்னால் ஆடிக் கெடுத்துவிட்டாள் என்பது அவர்களுடைய முடிவு. சின்னம்மா கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, "நல்ல நாள் அக்கா" என்றாள்.

அந்தக் கிழமை முழுவதும் சின்னம்மா வேறு ஆளாக இருந்தாள். பேக்டரியால் வந்து களைத்துப்போய் விழுகிறவள், எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டாள், பாட்டு முணுமுணுத்தாள். "அந்தக் கமராக்காரர் எங்கட அட்ரஸைக்கூடக் கேக்கேல்லைப் பார்" என்று இரவு படுக்கையில் சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு, "கேட்டிருந்தாலும் குடுத்திருக்கமாட்டன்" என்றாள். பிறகு, "குடுத்திருப்பன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளும் போர்வைக்குள் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு நூலகத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போனாள். இந்தத் தரம் ஜீன்ஸ், உதட்டில் கொஞ்சம் நிறம். இடையில் நல்ல மழை பெய்திருந்தது. மரங்களில் பாதிப் பூ இல்லை. நிலத்தில் இதழ்கள் பழுப்பாகிக் குழைந்து கிடந்தன, ஒருவர் வாருகோலால் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். கூடாரங்கள் இல்லை, மேளம் இல்லை. குளத்தோரத்து இருக்கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம். சின்னம்மா வாசல் தெரிகிற பக்கமாக இருந்தாள். கமரா தொங்க யார் வந்தாலும் அவள் முதுகு நிமிரும். எனக்குப் பசித்தது, குளிர்ந்தது, ஆனால் போவோம் என்று சொல்ல மனம் வரவில்லை. அவளுக்காக எனக்குக் கவலையாக இருந்தது.

"படம் எடுக்கிறவைக்குப் பூ இருந்தால்தானே வேலை" என்று கடைசியில் அவளே சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

அதே பின்னேரம்தான் எங்கள் வீட்டு டெலிபோனில் தரகர் அப்பாவோடு பேசியிருக்கிறார். மாப்பிள்ளைக்குப் பிடித்துப்போயிற்று. தாய் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் முணுமுணுத்தாராம், மகன் இந்தப் பெண் இல்லையென்றால் எனக்குக் கலியாணமே வேண்டாம் என்று நின்றுவிட்டாராம். நாங்கள் படியேறி வரும்போது வீட்டில் கேசரி மணந்தது. அப்பா சாவிக்கொத்தைக் கையில் சுழற்றிக்கொண்டு சிரித்தார். அம்மா ஒரு சின்னப் படத்தைச் சின்னம்மாவின் கையில் வைத்தாள்.

"மோர்டன் இடம். நல்ல மனுசர். பார்."

சின்னம்மா பார்த்தாள். அவளுடைய முகம் முழுக்க வெளிச்சமானது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

"இவரோ? இவர் எப்பிடியக்கா எங்களைத் தேடிப் பிடிச்சவர்?"

அவர் தன்னைத் தேடி வந்திருக்கிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். தான் தேடிப் போன அதே நேரத்தில் அவரும் தேடியிருக்கிறார் என்று. அம்மாவுக்கு அது விளங்கவில்லை. பெருமையாகச் சொன்னாள்.

"அவர் எங்க தேடினவர்? எல்லாம் நாங்கள் ஒழுங்குபண்ணினதுதான். அத்தான்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிச்சவர்."

சின்னம்மா படத்தை மேசையில் வைத்தாள். "அண்டைக்கு அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? தாயும் அவரும் உன்னைப் பார்க்கத்தானே வந்தவை."

"தாயும் வந்தவவோ?"

"குளத்தடியில இருந்தவா. ஊதாக் கோட்."

சின்னம்மா படத்தை அம்மாவின் பக்கம் தள்ளினாள். "எனக்கு வேண்டாம் அக்கா" என்றாள்.

அப்பாவுக்குச் சாவிக்கொத்து கையிலேயே நின்றுவிட்டது. "என்ன குறை பிள்ளை?"

"அவரில ஒரு குறையும் இல்லை அத்தான்."

"பிறகென்ன?"

"நான் உங்களிட்டக் கேட்டது ஒண்டே ஒண்டு."

"எல்லாம் உன்ர நன்மைக்குத்தானே."

"அண்டைக்கு நான் சந்தோசமா இருந்தனான்" என்றாள் சின்னம்மா. குரல் உயரவில்லை. "நான் சிரிச்சது, சாப்பிட்டது, ஆடினது எல்லாம் சும்மா எனக்காக எண்டு நினைச்சன். அதையும் வரிசையில இருந்து பார்த்திருக்கிறியள். அந்த ஒரு நாளையாவது எனக்கு விட்டிருக்கலாம்."

பிறகு வீட்டில் நடந்ததை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. அம்மா அழுதாள், திட்டினாள், பட்டினி கிடந்தாள். அப்பா நன்றி கெட்டவள் என்ற சொல்லைச் சொன்னார், அது அவர் வாயில் வந்த ஒரே தடவை. கேசரியை ஒருவரும் தொடவில்லை. நான்தான் பசியில் கொஞ்சம் தின்றேன்.

சில நாள் கழித்து ஒரு பின்னேரம் டெலிபோன் அடித்தது. அப்பா வேலையில், அம்மா குளியலறையில். நான் எடுத்தேன்.

"சிவப்புக் கோட்டோ?" என்றது அந்தக் குரல். "சின்னம்மாட்ட ஒருக்காக் குடுங்கோ."

சின்னம்மா வந்து வாங்கினாள். நான் மேசையடியில் நின்றேன், அவள் போகச் சொல்லவில்லை. அவர் நெடுநேரம் பேசினார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் டயலில் தொங்கிய குட்டிப் பூட்டை விரலால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓம். நீங்கள் கோட் கொண்டுவந்து தந்தது தெரியும்" என்றாள். பிறகு, "இல்லை, உங்கட அம்மாவில எனக்கு ஒரு கோபமும் இல்லை" என்றாள். பிறகு பூட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அடுத்த ஞாயிறும் நான் அங்க வந்தனான். உங்களைத் தேடி" என்றாள்.

சின்னம்மா அழுதாள். அழுகையைக் குரலில் வரவிடாமல் பேசினாள்.

"தனியவோ எண்டு கேட்டனான். அப்ப சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலயே ஓம் எண்டிருப்பன்."

ரிசீவரை வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து எனக்குப் பாண் வெட்டி வெண்ணெய் பூசித் தந்தாள். அந்தக் கோடை முடிய முன்பே கனடாவில் இருந்த ஒரு சிநேகிதியிடம் போய்விட்டாள். நாற்பதைத் தாண்டி அங்கே ஒருவரை மணந்தாள். நல்ல மனிதர், அவளைச் சிரிக்க வைக்கிறவர். மோர்டன்காரருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அவர் எடுத்த படங்கள் எங்களுக்கு வந்து சேரவில்லை.

அப்பா போய்விட்டார். அம்மா என்னோடு இருக்கிறாள், எண்பதை நெருங்குகிறாள். என் மகளுக்கு மாப்பிள்ளை தேடும் பேச்சு வந்தால் எங்கே சுற்றினாலும் அந்த மோர்டன் இடத்தில் வந்து நிற்பாள். போன மாதம் ஒரு மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த டெலிபோன் பேச்சை, சின்னம்மா சொன்ன கடைசி வார்த்தைவரை, அப்படியே சொன்னேன். இத்தனை காலம் கழித்தாவது அம்மாவுக்கு விளங்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அம்மா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஓம் எண்டிருப்பன் எண்டவளோ?"

"ஓம் அம்மா."

"அப்ப அவளுக்கு அவரைப் பிடிச்சிருந்தது."

"நல்லாப் பிடிச்சிருந்தது."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. நான் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"இவ்வளவு காலமும் நாங்கள் பிழையான ஆளைப் பார்த்திட்டம் எண்டெல்லே நான் நினைச்சு வேதனைப்பட்டனான்" என்றாள். "சரியான ஆளைத்தான் பார்த்திருக்கிறம்."

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி இருந்தது. நான் அவளுடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணீர் ஊற்றினேன்.